அம்மாவின் படமும் இரண்டு கடைகளும்

நம் தாயாரின் வருஷாப்திகம் நெருங்கியபோதுதான், கூடத்தில் மாட்டுவதற்கு அவருடைய நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்பது நமக்கு உறைத்தது. படமே இல்லை என்று சொல்வதற்கில்லை. வீட்டில் ஆளுக்கொரு செல்போன்; அவற்றுக்குள் ஆயிரக்கணக்கில் படங்கள். அடுத்த வீட்டு நாய்க்குட்டிக்கு மட்டும் நாற்பது இருக்கலாம். ஆனால் அம்மா தனியாக நின்று நேரே பார்த்துச் சிரிக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. கொல்லையில் முருங்கைக்காய் பறித்துக் கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டு எடுத்தது. இடக் கையில் காய்க் கட்டு; முகத்தில் காலை வெயில்.

தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போனோம். அதை நடத்தும் பிள்ளையாண்டான் நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பிறகு தேடுவது அப்போதே அவன் வழக்கம். "வாட்ஸப்பில் அனுப்பி விடுங்கள், ஸார்! பத்து நிமிஷத்தில் தருகிறேன்" என்றான். சொன்ன சொல் தவறவில்லை. 8-க்கு 12 அங்குலத்தில் பளபளவென்று படம் வந்து விட்டது. சட்டமும் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

தங்கை வெகு நேரம் அதைப் பார்த்துக் கொண்டிருந்தாள். "அண்ணா, அம்மா கறுப்பல்லவா? இது யார்?" என்றாள்.

உண்மைதான். அம்மாவின் நிறம் கோதுமை நிறமாகியிருந்தது. காய்க் கட்டைக் காணோம். அதைப் பிடித்திருந்த கை மணிக்கட்டோடு நின்று விட்டது. புடவைக் கட்டங்கள் தண்ணீரில் நனைந்த கோலம் போல் குழம்பிக் கிடந்தன.

கை போனதற்குக் காரணம் வெறும் கணக்கு. கணக்கு வாத்தியாராகிய நாமே அதை முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். செல்போன் படம் பெரும்பாலும் 3-க்கு 4 என்ற வடிவில் அமைகிறது. நாம் கேட்ட காகிதமோ 2-க்கு 3. உயரம் 12 அங்குலத்தையும் நிரப்ப வேண்டுமானால் படத்தின் அகலம் 9 அங்குலம் ஆகும். காகிதத்தில் இருப்பதோ 8. மிஞ்சிய ஓர் அங்குலத்தை யந்திரம் வெட்டித் தள்ளி விடுகிறது. அதில் யாருடைய கை இருக்கிறதென்று அதற்கு என்ன தெரியும்? புடவை குழம்பியதற்கு வாட்ஸப் காரணம். வழக்கமான முறையில் அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கி விடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் படம் தெளிவாயிருக்கும் என்பது இத்தொழிலில் உள்ள கணக்கு. நமக்குக் கிடைத்ததோ 133. அதே படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பியிருந்தால் குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.

நிறம் போன கதைதான் மனத்தை உறுத்தியது. இருண்ட முகத்தைக் கண்டால் வெளிச்சம் போதவில்லை என்று எண்ணித் தானாகவே வெளுப்பாக்கும் ஏற்பாடு இந்த யந்திரங்களில் உண்டு. இது இன்று நேற்று வந்த பழக்கமன்று. 1950-களிலிருந்து பல ஆண்டுகள் கோடாக் கம்பெனி, வர்ணம் சரிபார்ப்பதற்காக லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷர்லி அட்டை' என்று பெயர். அவளுடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி! பல நிறத்துப் பெண்களும் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. நம் தாயாரைப் போன்றவர்களுக்கு அதுவரை அந்த அட்டையில் இடமில்லை.

மறு நாள் ஜில்லாத் தலைநகரிலுள்ள கலர் லேப் ஒன்றுக்குப் பஸ் ஏறினோம். கல்யாணப் போட்டோக்காரர்கள் 12-க்கு 36 அங்குல ஆல்பம் தாள்களைச் சுருள் சுருளாக வாங்கிச் செல்லும் இடம். கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருந்த பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓரத்தில் வெள்ளை விட்டு முழுசாகப் போடலாமா, வெட்டலாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டதைத்தான் நாம் மறப்பதற்கில்லை: "அம்மா நல்ல கறுப்பா, ஸார், மாநிறமா?"

"நல்ல கறுப்பு" என்றோம்.

முதலில் சிறிதாக ஒரு மாதிரிப் படம் போட்டு, ஜன்னலருகே கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டினார். சற்றே சிவப்புத் தட்டியது, திருத்தினார். அங்கே மை தெளிப்பதில்லை. வெள்ளி உப்புக்கள் பூசிய காகிதத்தின் மீது லேசர் ஒளியால் படத்தை வரைந்து, பிறகு ரசாயனங்களில் தோய்த்து எடுக்கிறார்கள். வெள்ளி கழுவப்பட்டுப் போய், சாயம் மட்டும் காகிதத்தில் நிற்கிறது. பழைய பிலிம் காலத்து முறையேதான். நெகடிவ் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

இதனால் லேப்பெல்லாம் உயர்வு, கடையெல்லாம் மட்டம் என்று நேயர்கள் கொள்ள வேண்டாம். 1996-ல் பியூஜி கம்பெனி 'பிரான்டியர்' யந்திரத்தை வெளியிட்ட பிறகு, ஒரே மாதிரி யந்திரம் கடையிலும் இருந்தது, லேப்பிலும் இருந்தது. படம் வெளிவரும் முன் அதை ஒரு மனிதர் பார்க்கிறாரா என்பதில்தான் வித்தியாசம். அன்றியும், 'லேப்' என்று பலகை மாட்டிய இடங்களிலெல்லாம் லேப் இருப்பதில்லை. வேலையை வாங்கி வேறிடத்துக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. 'இங்கேயே போடுகிறீர்களா?' என்று கேட்டு விடுவது நலம். முகூர்த்த மாதங்களில் ஒற்றைப் படத்துக்காகப் போகிறவர்களை லேப்பில் யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நமக்கு மூன்று நாள் ஆயிற்று; செலவும் இரட்டிப்புக்கு மேல்.

பள்ளி விண்ணப்பத்துக்கும், பிறந்த நாள் படங்களுக்கும் தெருமுனைக் கடையே போதும். அங்குள்ள சிறு யந்திரம் சூட்டினால் மஞ்சள், சிவப்பு, நீலச் சாயங்களைக் காகிதத்தில் ஏற்றி, மேலே தெளிந்த படலம் ஒன்றையும் போர்த்துகிறது. ஈரக் கை பட்டாலும் குழந்தைகள் தடவினாலும் அது எளிதில் அழிவதில்லை.

வருஷாப்திகத்தன்று நம் பழைய மாணவனும் வந்திருந்தான். கூடத்துப் படத்தின் முன் சிறிது நேரம் நின்றான். உறவினர்களுக்குக் கொடுக்கச் சிறு பிரதிகள் பன்னிரண்டு வேண்டும் என்றோம். "டாக்குமெண்டாக அனுப்புங்கள், ஸார், அந்தத் திருத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் போடுகிறேன்" என்றான். இம்முறை அரை மணி ஆயிற்று. பன்னிரண்டிலும் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது.