கொரோனா ஊசிக்கு கியூ... ஃபுளூ ஊசிக்கு ஆளே இல்லை! பயமா, பணமா?

ஸ்ரீபெரும்புதூர்:

மழைக்காலம் வந்தாலே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் ஓடும் கம்பெனி பஸ்களில் இருமல் சத்தம்தான். ஒருத்தருக்கு வந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒட்டிக்கொள்கிறது. இதில் ஆளையே படுக்கவைக்கும் ஃபுளூ காய்ச்சலுக்கு தடுப்பூசி உண்டு. ஆனால் பெரியவர்கள் யாரும் போடுவதில்லை.

சும்மா சொல்லவில்லை. இந்தியா முழுக்க 45 வயதை தாண்டியவர்களிடம் 2017-18ல் எடுத்த கணக்கெடுப்பில் ஃபுளூ ஊசி போட்டவர்கள் 100க்கு 2 பேர் கூட இல்லை. நிமோனியா ஊசிக்கு ஒருத்தர் கூட தேறவில்லை.

ஊசின்னா ஜனங்களுக்கு பயம் என்று சொல்லி தப்பிக்க முடியாது. 2021 மே மாதம் ஊரே முழு ஊரடங்கில் இருந்தபோது இங்குள்ள கார் கம்பெனிகள் மட்டும் ஓடின. கொரோனாவில் இருந்து பாதுகாப்பு கேட்டு 24-ந்தேதி ஹூண்டாய் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தனர். ஒரகடம் ரெனால்ட்-நிசான் ஊழியர்கள் 26-ந்தேதி முதல் வரமாட்டோம் என்றனர். 2 ஆலைகளும் சில நாள் மூடப்பட்டன.

அதே ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை, தமிழகம் முழுவதும் மெகா முகாம் நடந்தது. இலக்கு 20 லட்சம். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். ஊசி இலவசம், லீவு நாள், வீட்டு பக்கத்திலேயே முகாம். கூட்டம் வந்தது.

மறு ஆண்டு என்ன ஆச்சு? 2022 ஏப்ரலில் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு பூஸ்டர் ஊசியை தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடணும் என்றார்கள். ஆள் வரவில்லை. ஜூலை 15 முதல் 75 நாள் இலவசமாக கொடுத்தும் பழைய கூட்டம் இல்லை. அதற்குள் கொரோனா பயமே போயிருந்தது!

சம்பளம் போச்சே...

ஃபுளூ ஊசி கதையும் இதுதான். தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரத்து சொச்சம் முதல் 2 ஆயிரம் ரூபாய் வரை ஆகிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போடணும். வீட்டில் 4 பேர் என்றால் கணக்கு போட்டு பாருங்கள்.

ஊசி போட்டால் கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். லீவு போட்டால் கான்ட்ராக்ட் ஆளுக்கு அன்றைய கூலி காலி, அட்டனன்ஸ் போனசும் போகும். இ.எஸ்.ஐ.யில் உடம்பு சரியில்லாத நாளுக்கு 70 சதவீத சம்பளம் உண்டுதான். ஆனால் பொதுவாக முதல் 2 நாளுக்கு கிடையாது. அப்புறம் எப்படி ஊசிக்கு ஆள் வரும்?

பீகார், ஒடிசாவில் இருந்து வந்து ரூமில் 8 பேர், 10 பேர் என தங்கி இருப்பவர்களுக்கு இதை எடுத்து சொல்லவும் ஆள் இல்லை.

'ஊசி போட்டா ஃபுளூ வந்துடும்' என்ற பேச்சும் உண்டு. அது தப்பு. வழக்கமான ஃபுளூ ஊசியில் இருப்பது செத்த வைரஸ் அல்லது அதன் துண்டுகள். அதனால் ஃபுளூ வராது. அதேசமயம் நூற்றுக்கு நூறு தடுக்கும் என்றும் இல்லை. வந்தாலும் ஐ.சி.யு. வரை போகும் ஆபத்தை குறைக்கும்.

யாருக்கு அவசியம்?

சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயதை தாண்டிய பெரியவர்கள். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதாவது யாருக்கு ஊசி முக்கியம் என்ற பட்டியலே அரசு கையில் இருக்கிறது. மாத்திரையோடு ஊசியும் சேர்ந்து வந்தால் எவ்வளவு உயிர் மிஞ்சும் என்று அதிகாரிகள் யோசிக்கலாம்.

நிமோனியா ஊசி வருடா வருடம் வேண்டாம். முதியவர்கள், சர்க்கரை மற்றும் நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு போடலாம்.

ஃபுளூ ஊசி வேலை செய்ய 2 வாரம் ஆகும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே, செப்டம்பர் வாக்கில் போடுவது நல்லது. கடும் காய்ச்சல் இருந்தால் குணமான பிறகு போடணும். முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும்.