கியர்பாக்ஸைக் கழற்றும் முன் கேளுங்கள்

ஒரு மழைக்காலக் காலையில் அக்காவின் ஆட்டோமேட்டிக் கார் நியூட்ரலிலேயே நின்றுவிட்டது. லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் 'பீப்' சத்தம்தான், கியர் விழவில்லை. டோ வண்டியில் ஏற்றிப் போன சர்வீஸ் சென்டரில், "ஆக்சுவேட்டர் போயிடுச்சு மேடம்" என்று ஐம்பதாயிரத்தைத் தாண்டிய எஸ்டிமேட்டை நீட்டினார்கள். எதைச் சோதித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடியும் ஏற்றி, எங்கள் தெருமுனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் தம்பி ஸ்கேனரைக்கூட எடுக்காமல் காருக்குப் பின்னால் போய் நின்றார்.

"பிரேக்கை மிதிங்கக்கா."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"லைட்டே எரியலையே!"

பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச் போயிருந்தது. பிரேக் மிதிபட்ட சேதி போய்ச் சேராததால் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் கியரைப் போட மறுத்திருக்கிறது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காரணத்தை எழுத்தில் காட்டாமல் கியர்பாக்ஸில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். அப்படிக் கேட்க, வண்டியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் முக்கியமாக 4 வகைகள் ஓடுகின்றன. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஆக்சுவேட்டர் பார்த்துக்கொள்ளும். டார்க் கன்வர்ட்டர் வகையில் இன்ஜினின் விசை எண்ணெய் வழியாகக் கடத்தப்படுகிறது. சிவிடியில் கியர் படிகளே கிடையாது. 2 புல்லிகளும் அவற்றுக்கிடையே ஓடும் உலோக பெல்ட்டும்தான். டிசிடியில் 2 கிளட்ச்கள். ஒரு வகைக்கு ஏற்ற எண்ணெய் இன்னொரு வகைக்கு எமன். சிவிடியில் வேறு வகை எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கி புல்லியைக் கீறிவிடும். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணெய்தானா என்று டப்பாவைப் பார்த்துவிட்டே ஊற்றச் சொல்லுங்கள்.

எண்ணெய் சொல்லும் சேதி

டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, கிளட்ச்களை அழுத்துகிறது, சூட்டையும் தணிக்கிறது. எண்ணெய் மாற்றும்போது பழையதில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். புதிதில் பெரும்பாலும் செக்கச்சிவந்திருக்கும் எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தேய்ந்து சூடேறியிருக்கிறது. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் கூலண்ட்டோ வெள்ளநீரோ உள்ளே புகுந்திருக்கிறது; அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். பல கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று தனிப் பட்டியல் இருக்கும். வெயில், நெரிசல், மலைப்பாதை எல்லாம் அதில் வரும். நம் நகரங்களில் தினமும் ஓட்டுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். பல கார்களில் டிப் ஸ்டிக் கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

ஓட்டும் பழக்கமும் முக்கியம். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் ஏஎம்டியின் கிளட்ச் கருகும். பிரேக் போட்டு நிற்பதே சரி. வண்டி முழுதும் நிற்கும் முன் டி-யிலிருந்து ஆர்-க்குத் தள்ளாதீர்கள். பழுதானால் கயிறு கட்டி இழுக்காமல் ஃபிளாட் பெட் வண்டியில் ஏற்றுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது; படமெடுத்து முதலில் இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கியர் மாறும்போது ஜெர்க், இன்ஜின் உறுமியும் வண்டி இழுக்காமை, டி போட்டதும் தாமதம், ஒரே கியரில் சிக்கிக்கொள்வது ஆகியவை எச்சரிக்கை மணிகள். எதுவானாலும் சோதனை மலிவிலிருந்து தொடங்கட்டும்: பேட்டரி, பிரேக் ஸ்விட்ச், வயரிங், எண்ணெயின் அளவும் நிறமும், பிறகு ஸ்கேன். ஸ்கேனில் பி0700 என்ற பிழைக் குறியீடு வந்தால் கியர்பாக்ஸ் போயிற்று என்று பொருளல்ல. அதன் கம்ப்யூட்டரில் ஒரு பழுது பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே. உள்ளே இருக்கும் அடுத்த குறியீட்டைப் படிக்க வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், பாகம் பாகமாகப் பிரித்த எஸ்டிமேட், மாற்றிய பழைய பாகங்கள், முறையான பில் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம்.

ஏமாற்றப்பட்டால்

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தயாரிப்புக் குறை என்று சந்தேகம் இருந்தால், பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரு எச்சரிக்கை: செய்த வேலைக்கான கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைக்கப் பட்டறைக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. தகராறு இருந்தாலும் வண்டி அவசரமென்றால், 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். உதிரி பாகங்களும் ஸ்கேன் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் வெளிப் பட்டறைக்குப் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்று அந்த ஆணை சொன்னதை நாம் மறக்கக் கூடாது.

அக்கா இப்போதெல்லாம் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் தன் கையால் ஒரு வரி சேர்க்கிறாள்: 'என் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கியர்பாக்ஸைக் கழற்றக் கூடாது.' நீங்களும் அந்த வரியை எழுதுங்கள்.