பாம்பு பிடித்தால் பத்மஸ்ரீ... படிக்கப் போனால் சான்றிதழ் எங்கே? இருளர்களின் உரிமைச் சிக்கல் என்ன?

மழைக்காலம் வந்தாலே சிட்லபாக்கம் போன்ற ஏரிக்கரைப் பகுதிகளில், வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிடுமோ என்ற பயமும் கூடவே வந்துவிடும். பாம்பு கடித்தால் உயிரைக் காப்பாற்றுவது விஷமுறிவு மருந்து. அதற்குத் தேவையான விஷத்தை எடுத்துத் தருவது, இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். 1978-ல் தொடங்கியது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது.

ஆனால், இதே சமூகத்தைச் சேர்ந்த பலர் இன்னும் ஒரு சாதிச் சான்றிதழுக்காக அலைகிறார்கள். ஏன்?

இருளர்கள் யார்?

தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளர்களையும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம்தான் ஒருகாலத்தில் பலருக்குப் பிழைப்பு. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அது நின்றுபோனது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கூலி வேலைக்குப் போனவர்களில் பலர், முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள்.

வன உரிமைச் சட்டம் உதவாதா?

2006-ம் ஆண்டுச் சட்டப்படி, 13.12.2005-க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். ஆனால், செங்கல்பட்டு இருளர்களில் பெரும்பாலானோர் வசிப்பது காட்டில் இல்லை. ஊர் ஓரத்திலும் ஏரிக்கரையிலும்தான். அதனால் இந்தச் சட்டம் அவர்களுக்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

சிக்கல் எங்கே?

முதலாவது, சான்றிதழ். மற்ற சமூகத்தினருக்குத் தாசில்தார் அளவிலேயே சாதிச் சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர்தான் கையெழுத்திட வேண்டும். பெற்றோரின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாத அப்பா அம்மாவிடம் அது எப்படி இருக்கும்? சான்றிதழ் இல்லையென்றால் கல்வி உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

இரண்டாவது, பட்டா. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா தர முடியாது. மாற்று இடம் ஒதுக்கினால்தான் வீடு.

அரசு என்ன செய்கிறது?

2021 தீபாவளி நாளில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு நேரில் சென்ற முதல்வர் ஸ்டாலின், இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்துக்கு 3 ஆண்டுகளுக்கு 24,104 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வீடு, குடிநீர், சாலை எல்லாம் இதில் உண்டு.

ஆனால், பழங்குடி என்று நிரூபிக்கக் காகிதமும், வீடு கட்ட சொந்தமாக இடமும் இல்லாத குடும்பத்தை இந்தப் பணம் எளிதில் எட்டாது. சான்றிதழும் மாற்று நிலமும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.