நடுகல் எங்கே போச்சு?

“மாமா, போட்டோவெல்லாம் போயிடுச்சு!”

காலை ஏழு மணிக்குப் பென்னாகரத்திலிருந்து போன். பேசியது என் அக்கா மகள், எட்டாம் வகுப்பு. பின்னாலேயே அவள் தம்பியின் குரல்: “நான் எதையும் தொடல!” யாரும் கேட்காமலே ஒருவன் இப்படிச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் இந்த முறை குற்றவாளி அவனில்லை, நான்தான்.

பள்ளிக் கண்காட்சிக்காக அவள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், அனுமதி வாங்கி, நடுகற்களைப் படம் எடுத்திருந்தாள். நம் மாவட்டத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. அருங்காட்சியகத்துக்கு வந்து சேராமல் ஊருக்குள்ளேயே நிற்கிறவையும் உண்டு. நடுகல் என்பது பெரும்பாலும், மாடுகளை ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் நட்ட கல். அந்தப் படங்களோடு ஒகேனக்கல் போய்வந்த படங்கள், வீடியோக்கள் என்று மொத்தம் அறுநூறுக்கு மேல் வீட்டுக் கணினியில் இருந்தன. அந்தக் கணினியின் லினக்ஸைத்தான் போன வாரம் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

லினக்ஸ் என்றால் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். உங்கள் அண்ணனோ அக்காவோ அரசு மடிக்கணினி வாங்கியிருந்தால் கேட்டுப் பாருங்கள். 2011 முதல் தமிழ்நாடு அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

“ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பார்த்தியா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா. எல்லாம் ஒரே மாதிரி மலையும் சூரியனுமா நிக்குது. பயந்து ஆஃப் பண்ணிட்டேன்.”

“திரும்ப ஆன் பண்ணி, ஒண்ணு மேல ரெண்டு தடவை தட்டு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இருக்கு மாமா! வில்லு வச்ச வீரன்!”

போனது போட்டோ இல்லை, போட்டோவின் சிறுபடம். ஆங்கிலத்தில் அதற்குத் தம்ப்நெயில் என்று பெயர், அதாவது கட்டைவிரல் நகம். அந்த அளவுக்குச் சிறியது என்று அர்த்தம். கோப்புறையைத் திறந்ததும் வரிசையாகத் தெரிகிற குட்டிப் படங்கள் எல்லாம் அவைதான். அவை இல்லாவிட்டால், எண்களைப் பெயராகக் கொண்ட அறுநூறு கோப்புகளில் எது வீரன், எது அருவி என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று மதியமே பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் மூன்று பேரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம்.

இப்போதைய செல்போனில் எடுத்த படம் ஒன்று 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். ஆக ஒரு படத்துக்கு 3 கோடியே 60 லட்சம் எண்கள். அறுநூறு படம் இருக்கிற கோப்புறையைத் திறக்கும்போதெல்லாம் இத்தனையையும் படித்துக்கொண்டிருந்தால் நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் கணினி முடித்திருக்காது. அதனால் அது ஒரு தடவை மட்டும் படித்து, 256 புள்ளிக்குள் அடங்கும் குட்டிப் படம் செய்து, தனியாக ஓரிடத்தில் பத்திரப்படுத்திக்கொள்கிறது. அடுத்த தடவை காட்டுவது அந்தக் குட்டியைத்தான்.

எப்படிச் சிறிதாக்குகிறது? மாவு மில்லுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு படி அரிசியில் ஒரு பிடி கேழ்வரகு கலந்து அரைத்தால் மாவு லேசாகப் பழுப்பேறும். எந்த மூலையில் கேழ்வரகு கிடந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. கணினியும் படத்தை ஏறக்குறைய 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்குள் 256 புள்ளிகள். அவற்றின் நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே புள்ளியாக வைத்துவிடுகிறது. போட்டோக்கள் பெரும்பாலும் சேமிக்கப்படும் ஜேபெக் முறையில் ஒரு வசதியும் உண்டு. 1992இல் தரப்படுத்தப்பட்ட அந்த முறை, 8க்கு 8 கட்டம் ஒவ்வொன்றின் சராசரியையும் கோப்புக்குள்ளேயே முதல் எண்ணாக எழுதி வைத்திருக்கிறது. கெட்டிக்கார மென்பொருள் அந்த முதல் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, எட்டில் ஒரு பங்கு அளவுப் படத்தைச் சட்டென்று செய்துவிடும்.

இந்தச் சராசரியில் என்ன போகும், என்ன நிற்கும் என்பதை நடுகல் படத்திலேயே பார்த்தோம். பெரிய படத்தில் வீரனின் தலைக்கு மேலே வட்டெழுத்து வரிகள் மெல்லிய கோடுகளாக ஓடுகின்றன. சிறுபடத்தில் அந்த இடம் வெறும் சாம்பல். மெல்லிய கோடு பக்கத்துக் கல்லின் நிறத்தோடு கலந்து கரைந்துவிட்டது. வீரனின் உடலும் ஓங்கிய கையும் மட்டும் அப்படியே நிற்கின்றன. யோசித்துப் பார்த்தால் அந்தச் சிற்பியும் இதைத்தான் செய்திருக்கிறார். சண்டை முழுவதையும் அவர் செதுக்கவில்லை. ஒரு வில், ஒரு வாள், காலடியில் குட்டியாக மாடு. ஊர்க்காரனுக்கு அது போதும், கதை தெரிந்துவிடும்.

சரி, சிறுபடங்கள் ஏன் காணாமல் போயின? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

லினக்ஸில் அவை ஒளிந்திருக்கும் இடம் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு கோப்புறை. புள்ளியில் தொடங்கினால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கண்ட்ரோல் விசையோடு ஹெச் அழுத்தினால் வெளியே வரும். உள்ளே ‘நார்மல்’, ‘லார்ஜ்’ என்ற அறைகள். முதலாவதில் 128 புள்ளிப் படங்கள், இரண்டாவதில் 256. ஆனால் எந்தப் படத்தின் பெயரும் படிக்கிற மாதிரி இல்லை. எண்ணும் எழுத்துமாக 32 குறிகள் கொண்ட கிறுக்கல்.

அந்தக் கிறுக்கல் ஒரு கணக்கின் விடை. கோப்பின் முழு முகவரியை, அதாவது எந்தப் பயனர், எந்தக் கோப்புறை, என்ன பெயர் என்பதையெல்லாம், எம்டி5 என்ற கணக்கில் போட்டு அரைத்தால் எப்போதும் 32 குறிகள்தான் வரும். ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கிய கணக்கு அது. முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் விடை அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய பயனர் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதே என்று, புதுப் பதிப்பு போட்ட கையோடு புதுப் பெயரில் கணக்குத் தொடங்கி, படங்களை அங்கே நகர்த்திவிட்டேன். அறுநூறு கோப்புகளுக்கும் ஒரே நாளில் முகவரி மாறிப்போனது. கணினி புது முகவரியை அரைத்து, அந்தப் பெயரில் சிறுபடம் தேடியது. இல்லை. உடனே மலையும் சூரியனும் போட்ட பொதுப் படத்தை மாட்டிவைத்துவிட்டு, புதிதாகச் செய்யத் தொடங்கியிருக்கிறது. அதற்குள் இவள் பயந்து அணைத்துவிட்டாள்.

“இப்ப எதையும் தொடாம சும்மா உட்காரு” என்றேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். மேல் வரிசையில் முதல் மலை மறைந்து ஒரு நடுகல் வந்தது. அடுத்து இன்னொன்று. பழைய கணினி, அவசரப்படவில்லை. தம்பி கீழே உருட்ட உருட்ட, அவன் உருட்டிய இடத்திலெல்லாம் படங்கள் முளைத்தன. திரையில் தெரிகிற வரிசைக்குத்தான் கணினி முதலிடம் கொடுக்கும்.

போட்டோக்கள் வந்துவிட்டன. வீடியோக்கள் வரவில்லை. பரிசலில் போனபோது எடுத்த பதினேழு வீடியோவும் ஒரே மாதிரி பிலிம் சுருள் படமாகவே நின்றன. எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை.

வீடியோவை விரித்துப் படிக்க கோடெக் என்ற துணை மென்பொருள் வேண்டும். பரிசலை மடக்கித் தலையில் கொண்டுபோக முடியாது, ஆனால் வீடியோவை மடக்கித்தான் செல்போன் சேமிக்கிறது. மடக்கிய விதம் தெரிந்தவர்தான் பிரிக்க முடியும். புதுப் பதிப்பை நான் போட்டபோது அந்தத் துணை மென்பொருள் வரவில்லை. சரி என்று இறக்கி நிறுவினேன். வீடியோ ஓடியது, தண்ணீர்ச் சத்தமும் கேட்டது. சிறுபடம் மட்டும் வரவில்லை!

இது என்னையே கால் மணி நேரம் அலைக்கழித்தது. காரணம் கிடைத்தபோது கணினி மேல் எனக்குக் கொஞ்சம் பிரியமே வந்துவிட்டது. ‘நார்மல்’, ‘லார்ஜ்’ பக்கத்தில் மூன்றாவதாக ‘ஃபெயில்’ என்று ஓர் அறை இருந்தது. அதற்குள் பதினேழு கோப்புகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளி கொண்ட படம். ‘இந்த வீடியோவுக்குச் சிறுபடம் செய்ய முயன்றேன், முடியவில்லை’ என்று கணினி தனக்குத்தானே எழுதிவைத்த சீட்டு அது. இந்தச் சீட்டு இல்லாவிட்டால், கெட்டுப்போன ஒரு கோப்போடு ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்கும். சீட்டு இருப்பதால் மறுபடி முயலாது, கோப்பு திருத்தப்பட்டால் ஒழிய. நான் கோடெக் போட்டதை அந்தச் சீட்டிடம் யாரும் சொல்லவில்லை!

‘ஃபெயில்’ அறையில் இருந்ததை அழிக்கச் சொன்னேன். அவள் கை நடுங்கியது. “இது சீட்டுதான், வீடியோ இல்ல. சிறுபடங்களையே மொத்தமா அழிச்சாலும் கணினி திரும்பச் செஞ்சுக்கும்” என்றேன். போட்டோ இருக்கிற கோப்புறையில் மட்டும் கை வைக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் விண்டோஸ் என்றால் சிறுபடங்கள் வேறு இடத்தில், வேறு பெயரில் கிடக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, கோப்புறை விருப்பங்களில் ‘எப்போதும் சின்னங்களை மட்டும் காட்டு’ என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்பது. சில சமயம் சிறுபடத்தை வேண்டுமென்றே நிறுத்துவதும் உண்டு. சிறுபடமோ முன்னோட்டமோ காட்ட வேண்டுமானால், நீங்கள் திறக்காத கோப்பையும் கணினி திறந்து பார்த்தாக வேண்டும். விஷமக் கோப்பு செய்பவர்களுக்கு அந்த வழி போதும். அதனால்தான் 2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு முன்னோட்டப் பலகையைத் தானாகவே நிறுத்திவிட்டது.

‘ஃபெயில்’ சீட்டுகளை அழித்துவிட்டு, வீடியோக் கோப்புறையை மூடித் திறந்தோம். பிலிம் சுருள்கள் ஒவ்வொன்றாக மறைந்து பரிசல், பாறை, காவிரி என்று வந்தன. பதினேழாவது வந்ததும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, இது மீன் கடை! நான் எடுத்தது அருவியை!”

வீடியோவின் முதல் காட்சி பெரும்பாலும் இருட்டாகவோ விரலாகவோ இருக்கும் என்பதால், வீடியோவுக்குச் சிறுபடம் செய்யும் மென்பொருள் முதலில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குத் தாண்டிப் போய் ஒரு காட்சியைப் பிடிக்கும். அது ஒரே நிறமாக அப்பியிருந்தால் வேறோர் இடத்தில் பார்க்கும், நிறங்கள் கலந்து இருந்தால் எடுத்துக்கொள்ளும். வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். அருவியைக் காட்டிக்கொண்டே வந்தவன், சரியாக அந்த இடத்தில் கேமராவைத் திருப்பி, எண்ணெயில் பொரிகிற மீனை நான்கு விநாடி காட்டியிருந்தான்.