ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் பிள்ளைக்கு உதவலாம்

“எனக்கு ஆங்கில எழுத்தே தெரியாது. பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக் கொடுக்கிறது?” தோட்டம் செய்யும் பெற்றோர் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கிறோம். இடம்பெயர்ந்து இரண்டு மூன்று பாடசாலைகள் மாறிய பிள்ளைக்கு விட்ட பாடம் விட்டபடியே கிடக்க, அடுத்த வகுப்பு வந்துவிடுகிறது. ரியூசனுக்கு அனுப்பக் கையில் காசும் இல்லை.

ஆனால், வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சில உதவிகளைப் பயன்படுத்தலாம்.

பாடநூல்

இடப்பெயர்வில் புத்தகங்கள் தொலைந்து போயினவா? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலைப் பாடநூல்கள் தரவாரியாக உள்ளன. இப்போது படிக்கும் தரத்தின் ஆங்கில நூலோடு, தவறவிட்ட தரத்தின் நூலையும் இறக்கிக்கொள்ளுங்கள். 8ஆம் தரப் பிள்ளை 5ஆம் தர நூலை வாசிப்பதில் வெட்கமில்லை. எங்கே விட்டதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாசிப்பு

இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்ரோரிவீவர்’ தளத்தில் படக்கதைகள் ஏராளம். அவை நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதற்படியில் சில சொற்களே இருக்கும். நான்காம் படி சரளமாக வாசிப்பவருக்கு உரியது. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன.

பெற்றோரின் வேலை இங்கேதான். முதல்நாள் தமிழ்க் கதையை நீங்கள் வாசித்து வைத்திருங்கள். மறுநாள் பிள்ளை ஆங்கிலக் கதையை உரத்து வாசித்து, விளங்கியதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். சொல்வது சரியா பிழையா என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு மூத்த பிள்ளை தமிழ்க் கதையை வாசித்துக் காட்டலாம்.

இலக்கணம்

பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலிஷ்’ தளத்தில் இலக்கண விளக்கமும் பயிற்சியும் உண்டு. விடை சரியா என்பதை உடனே பார்த்துக்கொள்ளலாம். சிறுவருக்கெனத் தனித் தளமும் உண்டு.

எமது பிள்ளைகள் இடறும் இடங்கள் சில உள்ளன. தமிழில் ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் ‘ஐ ஈட் ரைஸ்’ என நடுவில் வரும். ‘ஐ கோ’ என்பது சரி. ஆனால் ‘ஹீ’ வந்தால் ‘ஹீ கோஸ்’ ஆகிவிடும். ‘வீட்டில்’ என்பதில் ‘இல்’ பின்னால் வருகிறது. ‘இன் த ஹவுஸ்’ என்பதில் ‘இன்’ முன்னால் வருகிறது. இவற்றில் வாரத்துக்கு ஒன்றை எடுத்து, பிள்ளை தன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஐந்து வசனங்கள் எழுதட்டும்.

பெரிய வகுப்பினருக்கு

க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிப்போர், பி.பி.சி.யின் ஆங்கிலம் கற்பிக்கும் பிரிவு தரும் ஆறு நிமிட உரையாடல்களைக் கேட்கலாம். பேசுவதன் எழுத்து வடிவமும் அங்கே உண்டு. முதலில் கேட்டு, பின்பு பார்த்து வாசித்தால் உச்சரிப்பும் பழகும்.

கவனிக்க வேண்டியவை

வீடியோ படங்கள் டேட்டாவை விரைவில் தின்றுவிடும். வாரத்தில் ஒருநாள் நூல்களையும் கதைகளையும் இறக்கி வைத்தால், மற்ற நாட்களில் செலவின்றி வாசிக்கலாம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொலைபேசியில் இறக்கிப் பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது. ‘ஒரே மாதத்தில் ஆங்கிலம்’ என்று காசு கேட்கும் விளம்பரங்களை நம்பவேண்டாம். வீட்டுப்பாடத்தைத் தொலைபேசியைக் கொண்டே மொழிபெயர்த்து எழுதும் பழக்கத்துக்கும் இடம் கொடாதீர்கள். அதில் பிள்ளை எதையும் கற்பதில்லை.

மிளகாய்க் கன்றுக்கு ஒரு மாதத்துத் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் அது அழுகிப்போகும். படிப்பும் அப்படித்தான். நாளுக்கு அரைமணி நேரம் போதும்; ஆனால் நாள் தவறக்கூடாது. அந்த அரைமணி நேரம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.