ஊட்டிக் குளிரும் ஐஸ்கிரீம் பெட்டியும்

ஊட்டிக் கடைக்காரருக்கு ஃப்ரீசரால் என்ன பெரிய கரன்ட் பில் வந்துவிடப் போகிறது என்று சமவெளிக்காரர்கள் நினைப்பார்கள். அந்த எண்ணம் பாதி சரி. பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் கம்ப்ரஸரின் வேலை. கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரி, ஆழம் கூடக்கூடப் பாடும் கூடும். ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வெப்பத்தை உறிஞ்சும் குழாய்ச்சுருளான குளிர்க்காயில் மைனஸ் 25 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தை வெளியே கொட்டும் சுருளான வெளிக்காயில், சென்னைக் கோடையில் 50 டிகிரிக்குச் சூடாகும். ஊட்டியில் 30 போதும். ஏட்டுக் கணக்கில் மட்டுமே இது கால்பங்கு மின்சார மிச்சம்.

மிச்சம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே மின்விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் வெப்பம் குறையும். அதோடு, குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திய சின்னக் கடை, சுவரோடு ஒட்டிய ஃப்ரீசர், பக்கத்திலேயே டீ பாய்லர்! வெளியே 12 டிகிரி இருந்து என்ன பயன்? பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்து, காயிலில் படிந்த தூசியைத் தட்டினாலே பாதி வைத்தியம் முடிந்தது. பனிமூட்ட மாதங்களில் கதவு ரப்பரையும் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. அந்த வழியே நுழையும் ஈரக்காற்று குளிர்க்காயிலில் பனிக்கட்டியாகப் படிந்து, குளிரைப் பெட்டிக்குள் பரவவிடாமல் தடுக்கும்.

டீப் ஃப்ரீசர்களுக்கு 2020-இல் நட்சத்திரக் குறியீடு வந்தது. வாங்கும்போது அதைப் பார்க்கலாம், ஆனால் மலைக்கடைக்கு இன்னொன்றும் முக்கியம். வெப்ப நாடுகளுக்கான 'டி' வகைப் பெட்டிகள் 16 முதல் 43 டிகிரி வரையான அறைக்கென்று செய்யப்பட்டவை. ஊட்டியின் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகள் அந்தக் கணக்கில் இல்லை. தெர்மோஸ்டாட் கீழ்த்தட்டில் மட்டும் இருக்கும் ஃபிரிட்ஜில், அறையே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரஸர் ஓடாது. மேல்தட்டு ஐஸ்கிரீம் இளகிவிடும்.

குளிர்காலத்தில் வெளிக்காயிலில் அழுத்தம் குறைவதால் கேபிலரி குழாய் வழியே போகும் கேஸும் குறையும். அனுபவமில்லாத மெக்கானிக் இதைப் பார்த்து, "கேஸ் இறங்கிடுச்சு" என்று மேற்கொண்டு அடைத்துவிடுவார். ஏப்ரல், மே சீசனில் கூட்டம் மொய்த்துக் கதவு ஓயாமல் திறந்து மூடும்போது, அந்த அதிகப்படி கேஸால் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் இன்னும் அதிகக் கரன்ட் இழுக்கும்.