450 வாட்டுன்னு போட்டிருந்துச்சே!

கோவை காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் கல்லூரித் தம்பி ஒருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிராபிக்ஸ் கார்டு போட்ட மூன்றாம் நாள், விளையாடிக்கொண்டிருந்தபோதே 'டப்'பென்று அணைந்துவிட்டதாம். திறந்ததும் கருகல் வாடை. பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். போயிருந்தது.

"450 வாட்டுன்னுதானுங்கண்ணா போட்டிருந்துச்சு?"

பக்கவாட்டு லேபிளைக் காட்டினேன். 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் கூட்டியும் 300ஐத் தொடவில்லை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்டு இழுப்பது 12 வோல்ட்டில்தான். நேர்மையான 450 வாட் சப்ளையில் அந்த இடத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். பெயர் தெரியாத பிராண்டு என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

பிறகு அந்த சப்ளையைப் பிரித்தேன். நீங்கள் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கரண்டு உள்ளே நுழையும் இடத்தில் ஃபில்டர் காயிலுக்குப் போர்டில் இடம் அச்சிட்டிருந்தது. காயில் இல்லை. இரண்டு கம்பித் துண்டுகளைப் பற்றவைத்து விட்டிருந்தார்கள். 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 85 டிகிரி ரகம். இரண்டின் தலை உப்பியிருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மிச்சம் பிடித்த சில ரூபாய்க்காக அந்தப் பையனின் மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டது.

இதற்காகப் பெயர் தெரியாத பிராண்டையெல்லாம் ஒதுக்கவும் கூடாது. பல கம்பெனிகளுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. தைவானின் சீசானிக், எஃப்எஸ்பி, சேனல் வெல் போன்றவர்கள் செய்துகொடுப்பதில் தங்கள் பெயரை ஒட்டிக்கொள்வார்கள். லேபிளில் யுஎல் முத்திரைக்குப் பக்கத்தில் 'இ' எழுத்தில் தொடங்கும் எண்ணைத் தேடினால், செய்தவர் யாரென்று பெரும்பாலும் பிடிபடும். 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' சான்றிதழைப் போலியாகவும் ஒட்டுகிறார்கள். 80 பிளஸ் அமைப்பின் இணையப் பட்டியலில் அந்த மாடலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அது கரண்டு எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றுதான். ஷார்ட் ஆனால் தானாக நிற்குமா என்பதை அது சொல்லாது.

அடுத்த வாரம், புது சப்ளை வாங்கப் போன கடையிலிருந்து அந்தத் தம்பி போன் செய்தார். "அண்ணா, கேள்விப்படாத பேருதான். ஆனா 12 வோல்ட்டுல 37 ஆம்பியர் போட்டிருக்கு. வாங்கிடட்டுங்களா?"

"இ-ன்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கா பாருங்க தம்பி. அதையும் படிங்க."